சீனி வரிசையில் ஏழாவது முகம்

நான் ஓடுகிறேன். மாலை ஐந்து நாற்பது. வலது தோளில் கேமராப் பை. இடது கையில் கேசட் பெட்டி. எனக்கு முன்னால் என் கணவர் தயாபரன். ஜெனரேட்டருக்கான எண்ணெய்க் கேனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார். முதல் எறிகணை வயலில் விழுந்துவிட்டது. இரண்டாவது பாடசாலைக்குப் பின்னால். விசில் போல ஒரு சத்தம். பிறகு ஒன்றுமே கேட்காத ஒரு நொடி. பிறகு நிலம் உதறுகிறது.

"படுங்கோ! குப்புறப் படுங்கோ!"

அடுத்த வீட்டுத் தேவகி ரீச்சரின் குரல். கணக்குப் படிப்பிக்கிறவர். நான் படுக்கவில்லை. பையைக் கழற்றினால் லென்ஸ் உடையும் என்று நின்றேன். ரீச்சர் பதுங்குகுழியிலிருந்து எழுந்து வந்தார். என் கூந்தலைப் பிடித்து இழுத்தார். நான் உள்ளே விழுந்தேன். நான் ஒட்டி நின்ற மதில் இல்லை. கல்லும் தூசியும் மட்டும் இருந்தன.

உள்ளே பதினொரு பேர். ரீச்சர் ஒவ்வொரு வெடிப்பையும் சத்தமாக எண்ணினார். குழந்தைகள் அழாமல் அவரோடு சேர்ந்து எண்ணினார்கள். இருபத்து மூன்று.

2006 ஆகஸ்ட். குடாநாடு. நான் உயிரோடு இருப்பதற்குக் காரணம் தேவகி ரீச்சர். இதை முதலில் சொல்லிவிட வேண்டும். பின்னால் நான் செய்ததற்கு இதைச் சாக்காகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

எங்களுக்கு ஒரு வீடியோக் கடை இருந்தது. தயாபரன் படம் பிடிப்பார். நான் கணினியில் வெட்டி ஒட்டுவேன். கல்யாணம், பூப்புனித நீராட்டு, பாடசாலை விளையாட்டுப் போட்டி. அந்த வாரமே குடாநாட்டுக்கு வரும் பெரிய வீதி மூடப்பட்டது. குடாநாட்டுக்குள் எதுவும் வரவில்லை. சீனி இல்லை. மண்ணெண்ணெய் இல்லை. யாரும் கல்யாணம் செய்யவில்லை. சவர்க்காரத்தை நூலால் அறுத்துப் பங்கிட்டோம். செப்டம்பர் முழுவதும் கடைக் கதவு பூட்டியே கிடந்தது.

ஒக்டோபரில் நிமலன் வந்தான். கொழும்பில் இருந்து விமானத்தில் வந்தான். தமிழன். ஆவணப்பட இயக்குநர். சமாதான காலத்தில் தயாபரனோடு ஒரு பயிற்சி முகாமில் படித்தவன். ஊரைப் பிடித்து வைத்திருந்த படையின் சிவில் அலுவலகத்துக்காக ஒரு படம் எடுக்க வந்திருந்தான். இங்கே வாழ்க்கை வழமைபோல நடக்கிறது என்று அந்தப் படம் காட்ட வேண்டும். உள்ளூர் ஆட்கள் வேண்டும். எங்களைக் கேட்டான்.

கேட்டான் என்றுதான் எழுதுகிறேன். யாரும் எங்களை இழுத்துப் போகவில்லை. படை முகாமில் பிளாஸ்டிக் கதிரைகள் போட்டிருந்தார்கள். தேநீர் வந்தது. பால் விட்ட தேநீர். இரண்டு மாதத்துக்குப் பிறகு பால். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான அதிகாரி நல்ல தமிழ் பேசினார். ஊரடங்கில் நடமாட ஒரு அனுமதி அட்டை தந்தார். ஜெனரேட்டருக்கு எண்ணெய் தந்தார். ஒரு டின் பால்மா தந்தார். தயாபரன் நன்றி சொன்னார். நானும் சொன்னேன். அந்தத் தேநீரை நான் இரண்டாம் முறையும் வாங்கிக் குடித்தேன்.

வீட்டுக்கு வரும் வழியில் இது சரியா என்று தயாபரனைக் கேட்டேன். நாங்கள் படம்தானே பிடிக்கிறோம், யாருக்கும் கெடுதல் செய்யவில்லையே என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அந்தப் பதில் தேவைப்பட்டது.

நவம்பர். ஒரு புதன்கிழமை. காலை ஒன்பதரை. கூட்டுறவுக் கடை வாசல். சீனி கொடுக்கிறார்கள். முந்நூறு பேருக்கு மேல் வரிசையில் நிற்கிறார்கள். நிமலன் ஒலிபெருக்கியில் சொல்கிறான். சீனி வாங்கியதும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். சிலர் சிரித்தார்கள். சிலர் சேலைத் தலைப்பால் முகத்தை மூடினார்கள். சிலர் குனிந்தார்கள்.

முதல் பதினைந்து பேர் முடிந்ததும் நிமலன் கையை உயர்த்தினான். வெளிச்சம் சரியில்லையாம். அந்தப் பதினைந்து பேரிடமும் சீனிப் பைகளைத் திரும்ப வாங்கினார்கள். மறுபடி வரிசையில் நிற்க வைத்தார்கள். மறுபடி கொடுத்தார்கள். ஒரு பெண் பையை விடவில்லை. ஒரு படையாள் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தான். தயாபரன் அதையும் பிடித்தார். நிமலன் அதை அழிக்கச் சொன்னான். நான் அழித்தேன்.

அடுத்த வாரம் அதிகாரி எங்கள் கடைக்கே வந்தார். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அந்த மரியாதையை இன்றைக்கும் என்னால் மன்னிக்க முடியவில்லை. எல்லாக் கேசட்டுகளையும் போடச் சொன்னார். பார்த்தார். முகத்தை மறைத்தவர்கள், கேமராவைக் கண்டு விலகியவர்கள் எல்லோரையும் தனித்தனிப் படமாக எடுத்துத் தரச் சொன்னார். படத்துக்கு அனுமதி வாங்க வேண்டுமாம். அதற்காகவாம். நான் பதினொரு படங்கள் எடுத்தேன். இலக்கமிட்டேன். குறுந்தட்டில் பதிந்தேன். இன்னொரு டின் பால்மா வந்தது.

பத்து நாள் கழித்து, காலை பத்து இருபதுக்கு, சைக்கிள் திருத்தும் மனிதர் ஒருவர் கடையிலிருந்து கொண்டுபோகப்பட்டார். வெள்ளை வான் வண்டி. இலக்கத்தகடு இல்லை. கழற்றிய சக்கரம் கடைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். அவர் என் குறுந்தட்டில் நான்காம் இலக்கம். அதே வாரம் இரண்டாம் இலக்கம். பிறகு ஒன்பது. பிறகு பதினொன்று.

நான் தயாபரனிடம் சொன்னேன். அவர் கேமராவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அது வேற பிரச்சினையா இருக்கும், மலர். எங்கட படத்துக்கும் அதுக்கும் என்ன?"

"நாலு பேரும் நான் குடுத்த முகங்கள்."

"அப்ப இனி என்ன செய்யலாம் எண்டு நீரே சொல்லும்."

அடுத்த நாளும் படப்பிடிப்புக்குப் போனோம்.

டிசம்பரில் மறுபடி சீனி வரிசை. நிமலனுக்கு இன்னும் சில காட்சிகள் தேவைப்பட்டன. இந்த முறை தேவகி ரீச்சரும் வரிசையில் நின்றார். தயாபரனின் கேமராவை நேராகப் பார்த்தார். பிறகு உள்ளங்கையால் முகத்தை மூடினார். கைவிரல்களுக்கு இடையே ஒரு கண் தெரிந்தது.

மூன்றாம் நாள் அதிகாரி வந்தார். கேசட்டைப் பார்த்தார். விரல் மடக்கி எண்ணினார். "ஏழு பேர் இருக்கினம்," என்றார். "ஏழையும் நாளைக்குத் தாங்கோ." போய்விட்டார்.

இதற்குப் பிறகு நடந்ததற்கு நிமலன் பொறுப்பில்லை. தயாபரன் பொறுப்பில்லை. அவர் அப்போது பக்கத்தில் இல்லை. பிற்பகல் மூன்று மணி. கடையில் நான் தனியாக இருந்தேன். ஆறு முகங்களை எடுத்தேன். ஏழாவது தேவகி ரீச்சர். அந்தப் படத்தைத் திரையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் இருந்தேன். கடையைப் பூட்டிவிட்டு ஓடியிருக்கலாம். கேசட்டை எரித்திருக்கலாம். கணினியை உடைத்துவிட்டு மின்சாரம் வந்து எரிந்துபோனது என்று சொல்லியிருக்கலாம். எல்லாம் பிறகு தோன்றியவை. அப்போது என் மூளையில் ஒரே ஒரு கணக்குத்தான் ஓடியது. எண்ணிக்கை குறையக் கூடாது.

கேசட்டை முன்னால் ஓட்டினேன். கட்டம் போட்ட சட்டை. தோளில் சாக்குப்பை. முப்பது வயதிருக்கும். முகத்தை மறைக்கவில்லை. வெயிலுக்காகக் கண்ணுக்கு மேலே கை வைத்தார். அவ்வளவுதான். நிறுத்திப் பார்த்தால் மறைப்பது போல இருந்தது. எனக்கு அவரைத் தெரியாது. தெரியாததால் எடுத்தேன். ஏழாம் இலக்கம் போட்டேன்.

அதிகாரி வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை.

ஜனவரியில் அந்த ஏழில் மூன்று பேரைக் கொண்டுபோனார்கள். மூன்றாவது ஆள் கட்டம் போட்ட சட்டைக்காரர்.

அதே மாதக் கடைசி. ஒரு பெண் கடைக்கு வந்தாள். இடுப்பில் குழந்தை. கணவனைக் காணவில்லை என்றாள். பெயர் அருமைநாதன். தோட்டத்து முருங்கைக்காயைச் சந்தைக்குக் கொண்டுபோன வழியில் பிடித்துவிட்டார்கள். முறைப்பாடு எழுதுகிற இடத்தில் படம் கேட்கிறார்கள். வீடு எறிகணையில் எரிந்ததில் எல்லாப் படமும் போய்விட்டது. "அவர் சீனி வாங்க நிண்டவர், அக்கா. உங்கட ஆக்கள் படம் பிடிச்சவை எண்டு சொன்னவை. அதில இருந்து ஒண்டு எடுத்துத் தருவீங்களே?"

கட்டம் போட்ட சட்டை, தோளில் சாக்குப்பை என்று அடையாளம் சொன்னாள். நான் தேட வேண்டியிருக்கவில்லை. இலக்கம் ஏழு. அச்செடுத்துக் கொடுத்தேன். அவள் அந்தப் படத்தை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "நல்லாத் தெளிவா இருக்கு," என்றாள். பையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்காய் எடுத்து மேசையில் வைத்தாள். நான் வேண்டாம் என்றேன். வைத்துவிட்டுப் போனாள்.

நான் அதைச் சமைத்தேன். சாப்பிட்டோம். வீட்டில் வேறு ஒன்றும் இருக்கவில்லை.

நிமலன் படத்தை முடித்துக்கொண்டு கொழும்புக்குப் பறந்துவிட்டான். பெப்ரவரியில், காலை எட்டு ஐந்துக்கு, மோட்டார் சைக்கிளில் இரண்டு பேர் கடை வாசலில் நின்றார்கள். தயாபரன் கதவைத் தூக்கிக்கொண்டிருந்தார். மூன்று சத்தம். பட்டாசை விடச் சின்னச் சத்தம். காட்டிக்கொடுத்தவன் என்று ஒரு அட்டையை எழுதி அவர் மேல் போட்டுவிட்டுப் போனார்கள். அவர்கள் படையை எதிர்த்த மற்றப் பக்கத்து ஆட்கள். படங்களை வெட்டியது நான் என்று அவர்களுக்குத் தெரியாது. ஒரு பெண் கணினியில் இருப்பாள் என்று யாருக்கும் தோன்றவில்லை.

செத்த வீட்டுக்கு மூன்று பேர் வந்தார்கள். ஒருவர் தேவகி ரீச்சர். எனக்குக் கஞ்சி கொண்டுவந்து ஊட்டினார்.

மார்ச்சில் இந்தியாவுக்குப் படகு. பதினெட்டுப் பேர். விடிகிற நேரத்தில் மணல் திட்டில் இறக்கிவிட்டார்கள். மண்டபம் என்ற ஊரில் அகதியாகப் பதிந்தார்கள். அம்மாவின் அக்கா மகன் ராசு அண்ணன் வந்து கையெழுத்துப் போட்டு என்னை அழைத்துக்கொண்டு போனார்.

எங்கள் அம்மா தேயிலைத் தோட்டத்துப் பெண். எழுபதுகளில் பெரியம்மா குடும்பத்தை இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். அம்மா கலவரத்துக்குப் பயந்து வடக்கே வந்தவள். பெரியம்மா குடும்பம் பழனி மலையின் மேலே பூண்டியில் ஒட்டிக்கொண்டது. கொடைக்கானலில் இருந்து பூம்பாறை தாண்டிப் பேருந்து போகும் கடைசி ஊர்களில் ஒன்று. படிப்படியாக வயல். பூண்டு, கேரட். பெரியம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம். ராசு அண்ணனும் மதினி செல்லமும் கூலிக்குப் பூண்டு பிடுங்கினார்கள். நானும் பிடுங்கினேன். கேரட் கழுவினேன். மாதம் ஒருமுறை கொடைக்கானலுக்கு இறங்கிக் காவல் நிலையத்தில் கையெழுத்துப் போட்டேன். போரில் புருஷனைப் பறிகொடுத்தவள் என்று ஊர் என்னை மரியாதையாக நடத்தியது. நான் அந்த மரியாதையை வாங்கிக்கொண்டேன். இரண்டரை வருஷம்.

செல்லம் மதினியும் கப்பலில் வந்தவர்; அவர் தங்கை குடும்பம் அங்கேயே, போர் நடந்த வன்னியில் இருந்தது. 2009 பெப்ரவரிக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. மே மாதம் டீக்கடைத் தொலைக்காட்சியில் எல்லாம் முடிந்தது என்றார்கள். மதினி தினமும் அந்தக் கடை வாசலில் போய் நின்று பார்த்தார். கூட்டத்தில் ஒரு முகமாவது தெரியுமா என்று.

ஒக்டோபரில் நிமலன் பூண்டிக்கு வந்தான். ஜீப்பில் வந்தான். தயாபரனின் தங்கையிடம் என் விலாசம் வாங்கியிருந்தான். கூட கொடைக்கானலைச் சேர்ந்த ஒரு கேமராமேன், பீட்டர். நிமலன் என் கையைப் பிடித்து அழுதான். தயாபரனை நினைத்து அழுதான். உண்மையாகவே அழுதான் என்றுதான் நினைக்கிறேன். பிறகு மூக்கைத் துடைத்துவிட்டு விஷயத்தைச் சொன்னான்.

பழைய காட்சிகளை வைத்தே ஒரு புதிய படம் செய்திருக்கிறான். ஆக்கிரமிப்புக்குள் உயிரைப் பணயம் வைத்து எடுத்த படம். மக்களைச் சிரிக்க வைத்துக் கொடுமைப்படுத்தியதை உலகத்துக்குக் காட்டும் படம். பல நாடுகளில் கேட்கிறார்களாம். அடுத்த மாதம் கொடைக்கானலில் ஒரு பள்ளி மண்டபத்தில் காட்டப்போகிறார்களாம். நான் மட்டும் ஐந்து நிமிஷம் பேசினால் போதும். துப்பாக்கி முனையில் வேலை செய்தோம் என்று.

பீட்டர் வயல் வரப்பில் முக்காலியை நிறுத்தினான். "அக்கா, மிஸ்ட் வர்றதுக்குள்ள முடிச்சிரலாங்க. அந்தப் பூண்டுக் கட்டு பக்கத்துல உக்காருங்க. பேக்ரவுண்ட் நல்லாருக்கும்." உட்கார்ந்தேன். ராசு அண்ணனும் மதினியும் நாலைந்து அடி தள்ளி நின்றார்கள். தயாபரனைச் சுட்டதைச் சொன்னேன். அழுகை வந்தது. நிமலன் மெதுவாகச் சொன்னான். மேலே ஏதோ வண்டிச் சத்தம் விழுந்துவிட்டது, இன்னொரு தடவை அதையே சொல்ல முடியுமா என்று.

எனக்கு அந்த நொடியில் அழுகை நின்றுவிட்டது. சீனிப் பைகளைத் திரும்ப வாங்கிய அதே குரல்.

"துப்பாக்கி எங்க இருந்தது, நிமலன்?" என்றேன். "எனக்கு ஞாபகம் இல்லை. தேத்தண்ணிதான் ஞாபகம்."

"மலர், அது வேண்டாம். நான் கேட்டதை மட்டும் சொல்லுங்கோ."

நான் எல்லாவற்றையும் சொன்னேன். பதினொரு முகம். பிறகு ஏழு முகம். தேவகி ரீச்சரை எடுத்துவிட்டு அருமைநாதனை வைத்தது. அவர் மனைவிக்கு அதே படத்தை அச்செடுத்துக் கொடுத்தது. முருங்கைக்காய். நடுவில் எங்கோ நிமலன் கழுத்துக்குக் குறுக்கே விரலைக் காட்டினான். பீட்டர் பொத்தானை அழுத்தினான். சிவப்பு விளக்கு அணைந்தது. நான் நிறுத்தவில்லை. அணைந்த கேமராவைப் பார்த்துப் பேசி முடித்தேன்.

நிமலன் முகம் வெளுத்திருந்தது. முகங்களை எடுத்துக் கொடுத்தது அவனுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியாது என்றான். பிறகு, ஏதோ கேட்பார்கள் என்று தெரியும் என்றான். பிறகு, அந்த நேரத்தில் எல்லோருக்கும் எல்லாம் தெரியும் என்றான். மூன்று பதில் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினான்.

வீட்டுக்கு வந்தோம். ராசு அண்ணன் வெளியே போய் உட்கார்ந்தார். மறுநாள் வெள்ளனே எழுந்து நான் வழக்கம்போலப் பூண்டு உரிக்க உட்கார்ந்தேன். செல்லம் மதினி வந்தார். முறத்தை என் முன்னாலிருந்து எடுத்தார்.

"வேணாம். ஒங்கையால தொட்டத ஆக்கித் திங்க எனக்கு மனசு வரல."

"சரி மதினி."

"எந்தங்கச்சி மூஞ்சியையும் இப்பிடி எவளோ ஒருத்தி எடுத்துக் குடுத்திருப்பா. டீயைக் குடிச்சிட்டு. நீ அழுதப்பல்லாம் நானும் சேந்து அழுதேனே, அத நெனச்சாத்தான் எனக்கு ஆறல."

அவர் கத்தவில்லை. முறத்தை உள்ளே வைத்துவிட்டு வந்து, காலைப் பேருந்து எப்போது என்று மட்டும் சொன்னார். என் மேல் யாருக்காவது சரியான கோபம் வந்தது என்றால் அது அவருக்குத்தான். நான் அவரை இன்றைக்கும் குறை சொல்லமாட்டேன்.

கொடைக்கானலில் ஒரு தங்கும் விடுதியின் சலவை அறையில் வேலை கிடைத்தது. பனியில் விரிப்புகள் காயாது. நாள் முழுக்க ஈரத் துணி வாடை. நவம்பரில், ஒரு சனிக்கிழமை, மாலை நாலு மணிக்குப் படம் போட்டார்கள். போனேன். கடைசி வரிசையில் நின்றேன். முன்னால் பள்ளி ஆசிரியர்கள், சுற்றுலா வந்தவர்கள், சில வெள்ளைக்காரர்கள். நூறு பேர் இருக்கும்.

எங்கள் ஊர் திரையில் வந்தது. கூட்டுறவுக் கடை. வரிசை. சோகமான இசை. நிமலனின் குரல் பேசுகிறது. இந்த மக்கள் சிரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்டார்கள் என்கிறது. யார் கட்டாயப்படுத்தியது என்று சொல்லவில்லை. ஒலிபெருக்கியில் கேட்ட அவன் குரலை எடுத்துவிட்டிருந்தான். நான் பூண்டுக் கட்டுக்குப் பக்கத்தில் அழுகிறேன். சத்தம் இல்லை. என் அழுகைக்கு மேலே அவன் குரல்.

பிறகு கட்டம் போட்ட சட்டை. நான்கு நொடி. வெயிலுக்குக் கை வைக்கிறார். அடுத்து வந்த சீனிப் பையை வாங்குகிறார். சிரிக்கிறார். யாரும் சொல்லாமல், பின்னால் நிற்கிறவரிடம் ஏதோ பேசித் தானாகவே சிரிக்கிறார். அந்த இடத்தை நான் அதற்கு முன் முழுவதும் ஓட்டிப் பார்த்ததே இல்லை.

கைதட்டினார்கள். நிமலன் மேடைக்கு வந்தான். கேள்வி இருந்தால் கேட்கலாம் என்றார்கள். நான் நடந்து முன்னால் போனேன்.

"கட்டம் போட்ட சட்டை போட்ட ஆளின் பெயர் அருமைநாதன்," என்றேன். "அவரைக் காட்டிக்கொடுத்தது நான். இந்தப் படத்துக்காகப் பிடித்த கேசட்டில் இருந்து எடுத்துக் கொடுத்தேன். இந்தப் படத்தை யாருக்காக முதலில் எடுத்தீர்கள் என்று இயக்குநரைக் கேளுங்கள்."

நிமலன் ஒலிவாங்கியைப் பிடித்திருந்தான். குரல் நடுங்கவில்லை. "இவர்தான் நீங்கள் படத்தில் பார்த்த மலர்," என்றான். "இவர் மனசில் போர் இன்னும் முடியவில்லை. தப்பிப் பிழைத்தவர்கள் செய்யாத குற்றத்தைத் தங்கள் மேல் போட்டுக்கொள்வார்கள். தயவுசெய்து இவருக்கு ஒரு கைதட்டல்."

தட்டினார்கள். எழுந்து நின்று தட்டினார்கள். முன்வரிசையில் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை என் தோளைத் தொட்டார். "ரொம்ப தைரியம்ங்க உங்களுக்கு. காட் பிளஸ் யூ." தண்ணீர்ப் புட்டி ஒன்றை என் கையில் திணித்தார்கள். நான் வாசலுக்கு வந்து, ரோஜாச் செடிகளுக்குப் பக்கத்தில் குனிந்து வாந்தி எடுத்தேன்.

அதனால்தான் எழுதுகிறேன். காகிதத்துக்கு மேலே யாரும் இசை போட முடியாது.

2009 டிசம்பர். கொடைக்கானல். இழப்புகள்.

என் கணவர் தயாபரன், வயது முப்பத்தெட்டு. கடை. அதிலிருந்த கல்யாணக் கேசட்டுகள் எல்லாம். நான் படகேறிய வாரம் எரித்துவிட்டார்களாம். பூண்டியில் ஒரு வீடு, ஒரு மதினி.

தேவகி ரீச்சர் உயிரோடு இருக்கிறார். படிப்பிக்கிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. இதைப் படித்தால் தெரியும். அப்போது அவரையும் இழப்பேன்.

முதல் குறுந்தட்டில் பதினொரு முகம். நான்கு பேர் திரும்பவில்லை. சைக்கிள் திருத்தும் கணேசு. கூட்டுறவுக் கடைக்கு மூட்டை இறக்கும் சின்னத்துரை. அவர் தம்பி. பெயர் தெரியாத ஒரு மாணவன், நீலச் சட்டை.

இரண்டாம் குறுந்தட்டில் ஏழு முகம். மூன்று பேர் திரும்பவில்லை. தையல்காரி பாக்கியம். மீன் விற்கும் அந்தோனி. அருமைநாதன்.

மொத்தம் ஏழு. ஆறு பேரை முகாம் என்னிடம் கேட்டது.

அருமைநாதனை யாரும் கேட்கவில்லை.